பிக்கே சட்டையில் வட்ட லோகோ முட்டையாகிறது: பஞ்சிங் சாஃப்ட்வேர் வாங்கலாமா?

கொங்கு_நூல்:

வணக்கம்ங்க. திருப்பூரில் சின்ன எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். 15 ஊசி சிங்கிள் ஹெட் மெஷின் ஒன்று. வேலை பெரும்பாலும் பள்ளிகளுக்கும் கம்பெனிகளுக்கும் போலோ சட்டையில் இடது மார்பு லோகோ. பஞ்சிங்கை, அதாவது படத்தை மெஷின் தைக்கும் ஃபைலாக மாற்றும் வேலையை, இதுவரை வெளியேதான் கொடுத்து வாங்குகிறேன்.

இப்போது ஒரு பள்ளி முத்திரை வந்திருக்கிறது. 75 மி.மீ வட்டம். நடுவில் நீல ஃபில் (பரப்பை நிரப்பும் தையல்), சுற்றி வெள்ளை சாட்டின் (பக்கத்துக்குப் பக்கம் நெருக்கமாக ஓடும் தையல்) பார்டர், அதற்கு வெளியே வளையமாகப் பள்ளியின் பெயர். எழுத்து உயரம் 4 மி.மீ. டெனிம் துண்டில் ஓட்டினால் அருமையாக வருகிறது. அதே ஃபைலை பிக்கே (குழி குழியான பின்னல் துணி) சட்டையில் ஓட்டினால் வட்டம் நிமிர்ந்து நிற்கும் முட்டை ஆகிறது. இடது, வலது பக்கம் ஃபில்லுக்கும் பார்டருக்கும் நடுவில் சட்டை நிறம் எட்டிப் பார்க்கிறது. எழுத்துகளில் பாதி துணிக்குள் புதைந்துவிடுகின்றன. பஞ்சிங் செய்தவர் மெஷின் கோளாறு என்கிறார், மெக்கானிக் ஃபைல் கோளாறு என்கிறார்.

நாமே சாஃப்ட்வேர் வாங்கி விடலாமா என்று யோசனை. டெமோவில் படத்தை உள்ளே போட்டு ஒரு பட்டனை அழுத்தினார்கள், டிசைன் தயார் என்று காட்டினார்கள். விலையைக் கேட்டால் இன்னொரு மெஷினுக்கு முன்பணம் கட்டலாம் போல இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரீல்_ராஜா:

அந்த ஒரு பட்டனுக்காக வாங்காதீர்கள். மற்ற ஐம்பது பட்டன்களுக்காக வேண்டுமானால் வாங்கலாம்.

பஞ்சிங்_தாத்தா:

தம்பி, உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் பெரும்பாலும் சரி. ஆனால் ஃபைல் 'கோளாறு' என்று சொல்ல மாட்டேன். அது டெனிமுக்குப் போட்ட ஃபைல், அவ்வளவுதான்.

ஃபில் தையல் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கும். அதற்குக் குறுக்குத் திசையில் துணி பிதுங்கும். உங்கள் நீல ஃபில் படுக்கை வாட்டத்தில் ஓடியிருக்கும். அதனால் இடது வலது சுருங்கி, மேலும் கீழும் நீண்டிருக்கிறது. இடைவெளி இரண்டு பக்கம் மட்டும் வருவதே அதற்குச் சாட்சி. மேலேயும் கீழேயும் பார்டருக்கு அடியில் ஃபில் முட்டிக்கொண்டு தடித்திருக்கும், தடவிப் பாருங்கள். டெனிம் இழுத்தால் அசையாது, பிக்கே பின்னல் துணி, அசையும்.

இதற்குத்தான் புல் காம்பென்சேஷன். தையல் ஓடும் திசையில் வடிவத்தைக் கொஞ்சம் அகலப்படுத்திப் போடுவது. நெய்த துணிக்கு 0.2 மி.மீ போதும் என்றால் பின்னல் துணிக்கு 0.35, 0.4 வரை போக வேண்டியிருக்கும். யார் சொன்ன எண்ணையும் அப்படியே எடுக்காதீர்கள், என்னுடையதையும் சேர்த்துத்தான். அதே சட்டைத் துணியில், அதே பேக்கிங் பேப்பரோடு (துணிக்கு அடியில் வைக்கும் தாள்), 25 மி.மீ சதுர ஃபில் ஒன்றைப் படுக்கைத் தையலில் ஓட்டுங்கள். ஃபிரேமிலிருந்து எடுத்தபின் ஸ்கேலால் அளந்து பாருங்கள். அகலம் 24.3 வந்தால் 0.7 காணாமல் போயிருக்கிறது, பக்கத்துக்கு 0.35. அதுதான் உங்கள் துணியின் எண். ஒரு விஷயம்: சில சாஃப்ட்வேரில் அந்தக் கட்டத்தில் போடும் எண் பக்கத்துக்கு, சிலவற்றில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. போட்டுவிட்டு ஸ்க்ரீனில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். உயரம் கூடியிருந்தால் மேல் கீழ் விளிம்பைக் கையால் உள்ளே தள்ளுங்கள். அந்தப் பக்கத்துக்கு புல் காம்பென்சேஷன் உதவாது.

அடுத்தது அண்டர்லே. மேல் தையல் விழுவதற்கு முன் துணியைப் பேப்பரோடு பிடித்து வைக்கும் அடித்தையல் அது. பிக்கேயில் ஃபில்லுக்கு விளிம்போரமாக ஒரு எட்ஜ் ரன், அதற்கு மேல் குறுக்கே தளர்வான டாட்டமி (வரிசை வரிசையாக நிரப்பும்) அண்டர்லே, இரண்டும் வேண்டும். பலர் துணி தெரிகிறது என்றதும் டென்சிட்டியை, அதாவது தையலின் நெருக்கத்தை, ஏற்றுகிறார்கள். 40 நம்பர் நூலுக்கு வரிசைக்கு வரிசை 0.40 மி.மீ இடைவெளி போதுமானது. அதை 0.32 ஆக்கினால் தையல் கூடும், இழுப்பு கூடும், முட்டை இன்னும் நீளும், சட்டை அட்டை மாதிரி விறைக்கும். பள்ளத்தை மூட வேண்டியது அண்டர்லேதான்.

தைக்கும் வரிசையையும் பாருங்கள். ஃபில் முடிந்ததும் பார்டர் வரவேண்டும். நடுவில் போய் வெளி வளைய எழுத்தெல்லாம் தைத்துவிட்டு, கடைசியில் திரும்பி வந்து பார்டர் போட்டால் அதற்குள் துணி நகர்ந்திருக்கும். உள்ளிருந்து வெளியே போவதுதான் பின்னல் துணிக்கு முறை.

கொங்கு_நூல்:

தாத்தா, தடவிப் பார்த்தேன். மேலும் கீழும் தடிப்பு இருக்கிறது, சொன்ன மாதிரியே. பேப்பர் நான் கிழிக்கிற வகை ஒன்று போடுகிறேன். அதுவும் காரணமா? எழுத்துக்கு என்ன செய்வது?

பஞ்சிங்_தாத்தா:

அதுவும் காரணம்தான். பின்னல் துணிக்கு வெட்டி எடுக்கும் பேப்பர், அதாவது கட்-அவே, போடுங்கள். கிழிக்கும் பேப்பரில் ஊசி துளைத்துத் துளைத்து விளிம்பில் அதுவே கிழிந்துவிடும், பாதித் தையலுக்கு அப்புறம் துணியைப் பிடிக்க ஆள் இருக்காது. ஃபிரேம் மாட்டும்போது துணியை இழுத்து முரசு மாதிரி ஆக்க வேண்டாம். இழுத்து மாட்டினால் கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது, சுற்றிலும் சுருக்கம் விழும். ஊசி பால் பாயிண்ட் 75/11.

எழுத்து 4 மி.மீ என்பது 40 நம்பர் நூலுக்குச் சிறியது. நான் 5 மி.மீக்குக் கீழே 40 நம்பரில் ஒத்துக்கொள்வதில்லை. அதைவிட மெல்லிய 60 நம்பர் நூல், 65/9 ஊசி போட்டால் 4 மி.மீ வரும். அப்போதும் எழுத்தின் கால்கள் 0.8 மி.மீக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நடு ரன் அண்டர்லே மட்டும் போதும். மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் ஒரு தாள் வையுங்கள், பிக்கேயின் குழிக்குள் எழுத்து இறங்காது. 'அ', 'இ' மாதிரி சுழிகள் வரும் தமிழ் எழுத்து என்றால் 4 மி.மீ என்ற பேச்சுக்கே இடமில்லை. சுழி அடைத்துக்கொள்ளும். 7, 8 மி.மீ கேளுங்கள், அல்லது வளையத்தில் ஆங்கிலப் பெயரை வைத்துவிட்டுத் தமிழ்ப் பெயரைக் கீழே தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் படிக்கத்தானே வேண்டும்.

வெளியே_கொடு:

தாத்தா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் கேள்வி சாஃப்ட்வேர் வாங்கலாமா என்பது. என் பதில், வேண்டாம். சிங்கிள் ஹெட் வைத்திருப்பவரின் நேரம் மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும். நூல் அறுந்தால் யார் பார்ப்பது? மாதத்துக்கு நாலைந்து புது டிசைன்தான் வருகிறது என்றால் நல்ல பஞ்சரை (பஞ்சிங் செய்பவரை) பிடித்து, "200 ஜிஎஸ்எம் பிக்கே, கட்-அவே பேப்பர், 40 நம்பர் நூல்" என்று எழுதிக் கொடுத்தால் அவர் அதற்கேற்பப் போட்டுத் தருவார். இந்த வரியை எழுதாமல் வெறும் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதால்தான் டெனிம் ஃபைல் வருகிறது.

ரீல்_ராஜா:

எழுதி அனுப்பியும் பழைய ஃபைலையே பெயர் மாற்றி அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள் அண்ணே. ஆன்லைனில் ஒருவர் எனக்கு அனுப்பிய 'தொப்பி ஃபைல்' இடமிருந்து வலமாக ஓடியது. தொப்பிக்கு நடுவில் ஆரம்பித்து இரு பக்கமும் விரிய வேண்டும், கீழிருந்து மேலே போக வேண்டும். இல்லாவிட்டால் துணி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் நடுத்தையலில் மடியும். இது தெரிந்திருந்தால்தான் வந்த ஃபைலைத் திருப்பி அனுப்பவாவது முடியும்.

வெளியே_கொடு:

தெரிந்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். தெரிந்துகொள்ளப் பெரிய சாஃப்ட்வேர் வேண்டாம். பஞ்சிங் சாஃப்ட்வேர் கம்பெனியான வில்காமின் ட்ரூசைசர் இலவசம். ஃபைலைத் திறந்து எந்த வரிசையில் தைக்கிறது, எங்கே ஜம்ப் (தைக்காமல் தாவுவது), எங்கே டிரிம் (நூலை வெட்டுவது) என்று மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

இலவச_ஊசி:

இங்க்ஸ்டிச் பற்றி இன்னும் யாருமே சொல்லவில்லையே! இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரோடு சேர்ந்து ஓடும் திறந்த மூல சாஃப்ட்வேர், காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிஎஸ்டி, பிஇஎஸ், ஜெஇஎஃப், இஎக்ஸ்பி என்று மெஷின் ஃபைல் வகைகள் எல்லாம் எழுதும். தாத்தா சொன்ன புல் காம்பென்சேஷன், அண்டர்லே வகைகள் எல்லாம் அதன் பாராம்ஸ் சன்னலில் இருக்கின்றன. சாட்டின் போட இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கோடு, நடுவில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கோடுகள். குறுக்குக் கோடு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்வில் தையல் விழும். சாட்டின் எப்படி உருவாகிறது என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்த 25 மி.மீ சதுரத்தை இதில் போட்டு ஓட்டுங்கள். அப்புறம் முத்திரையை வெக்டராக வரைந்து முயலுங்கள். பிடித்திருந்தால் காசு செலவு செய்யலாம்.

பஞ்சிங்_தாத்தா:

கற்றுக்கொள்ள நல்லதுதான், மறுக்கவில்லை. தினமும் ஜாப் ஒர்க் தள்ளுபவனுக்கு அது மெதுவாக இருக்கும். எழுத்து போடுவதிலும் வந்த ஃபைலைத் திருத்துவதிலும் வில்காம், பல்ஸ் மாதிரி பெரிய சாஃப்ட்வேர்கள் மிச்சம் பிடிக்கும் நேரம் அதிகம். துணி வகையை ஜெர்சி என்று மாற்றினால் எல்லா வடிவத்துக்கும் அண்டர்லே, டென்சிட்டி, காம்பென்சேஷன் மூன்றும் ஒரேயடியாக மாறும். அது முடிவான எண் அல்ல, ஆனால் ஆரம்பிக்க நல்ல இடம். நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்தில் படத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து, டிஜிட்டைசர் பலகையில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியாக அழுத்திக்கொண்டு போவோம். ஒரு சாட்டின் அகலம் தப்பினால் அந்தப் பகுதியை மறுபடி அழுத்த வேண்டும்.

மதுரை_ப்ளவுஸ்:

அண்ணன்மார்களே, நான் வீட்டு மெஷினில் ப்ளவுஸ் மட்டும் செய்கிறேன், என் கணக்கு வேறு. ஹேட்ச் என்ற பஞ்சிங் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று நினைக்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதில் ஆர்கனைசர், பர்சனலைசர், கம்போசர், டிஜிட்டைசர் என்று நாலு படி. கையால் வரைந்து பஞ்சிங் செய்யும் கருவிகள் முழுதாக வேண்டும் என்றால் கடைசிப் படிதான். விலை குறைவு என்று கீழ்ப்படியை வாங்கிவிட்டு, பூங்கொடி வரைய முடியவில்லை என்று எனக்கு போன் செய்கிறார்கள்.

ஜரி நூல் போடுகிறவர்கள் சாதா நூலுக்குப் பஞ்ச் செய்த ஃபைலை அப்படியே ஓட்டாதீர்கள். ஜரி தடிமன், முறுக்கிக்கொள்ளும். இடைவெளியை 0.45, 0.5 என்று தளர்த்துங்கள், தையல் நீளத்தைக் கூட்டுங்கள், மூலையில் குட்டிக் குட்டித் தையல்களை எடுத்துவிடுங்கள். ஊசி 90/14, மெஷின் வேகம் நிமிடத்துக்கு 500, 600 போதும். ராசில்க்கில் ஒருமுறை விழுந்த ஊசி ஓட்டை போகாது, அதனால் ஓட்டிப் பார்ப்பதெல்லாம் வேறு துண்டில்.

ஆரி மாதிரியே வேண்டும் என்று கேட்பவர்களிடமும் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆரி கொக்கியால் இழுக்கும் சங்கிலித் தையல். நம் மெஷின் மேல்நூலும் பாபின் நூலும் பூட்டிக்கொள்ளும் லாக் ஸ்டிச். சாஃப்ட்வேரில் மோட்டிஃப் ரன் (சின்ன உரு திரும்பத் திரும்ப வரும் கோட்டுத் தையல்) வைத்துச் சங்கிலி மாதிரி காட்டலாம், தூரத்திலிருந்து பார்த்தால் ஏமாறலாம், தடவினால் தெரிந்துவிடும்.

கொங்கு_நூல்:

அக்கா, நன்றி. எல்லோரும் சொன்னதை வைத்து, வந்திருக்கும் டிஎஸ்டி ஃபைலையே இலவச சாஃப்ட்வேரில் திறந்து புல் காம்பென்சேஷன் மாற்றலாம் என்று பார்த்தேன். அந்தக் கட்டமே வரவில்லை. வெறும் புள்ளிகளாக இருக்கிறது. நிறமும் தாறுமாறு, நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை. ஃபைல் கெட்டுவிட்டதா?

கொழும்பு_சாம்பிள்:

கெடவில்லை. டிஎஸ்டி என்பது டஜிமா மெஷினுக்கான ஃபைல், அதற்கு வட்டமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஊசி அடுத்து எவ்வளவு தள்ளி இறங்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும்தான் உள்ளே. முதலில் 512 பைட் தலைப்பு, அப்புறம் ஒவ்வொரு நகர்வுக்கும் 3 பைட். அளவு 0.1 மி.மீ கணக்கில். ஒரே நகர்வில் ஒரு அச்சில் அதிகபட்சம் 12.1 மி.மீ போகலாம், ஏனென்றால் 1, 3, 9, 27, 81 என்ற எண்களைக் கூட்டியும் கழித்தும்தான் தூரத்தை எழுதுகிறார்கள், அவை எல்லாம் சேர்ந்தால் 121. அதற்கு மேல் தூரம் என்றால் பல ஜம்புகளாக உடையும்.

எந்த நிறம் என்ற விவரமும் அதில் இல்லை. 'இங்கே நிறம் மாற்று' என்பது மட்டும் இருக்கும். சாஃப்ட்வேர் தன்னிடம் இருக்கும் நிறங்களை வரிசையாகப் போட்டுக் காட்டுகிறது. அதனால்தான் பச்சை. எங்கள் சாம்பிள் ரூமில் ஃபைலோடு நிற வரிசையை எழுதிய ஒரு தாள் இல்லாமல் மெஷினுக்கு எதுவும் போகாது.

டிரிம் விஷயத்திலும் கவனம். டிஎஸ்டியில் டிரிம்முக்கென்று தனிக் கட்டளை கிடையாது. அடுத்தடுத்து இத்தனை ஜம்ப் வந்தால் நூலை வெட்டு என்று மெஷினில் அமைத்திருப்பார்கள், பல மெஷின்களில் அது மூன்று. மெஷின் மாறும்போது ஒரு மெஷினில் வெட்டிய ஃபைல் இன்னொன்றில் வெட்டாமல் நூலை இழுத்துக்கொண்டே போவது இதனால்தான்.

டிஎஸ்டியை 10 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். தையல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், இடைவெளி மட்டும் மாறும். சிறிதாக்கினால் நெருங்கி நூல் அறும், பெரிதாக்கினால் துணி தெரியும். சில சாஃப்ட்வேர்கள் புள்ளிகளிலிருந்து வடிவத்தை ஊகித்து மறுபடி தையல் போடும். எளிய லோகோவுக்குச் சரியாகவே வரும், சிக்கலானதில் சொதப்பும். உங்களுக்கு வேண்டியது மூல ஃபைல். வில்காமில் செய்திருந்தால் இஎம்பி. அதில்தான் வடிவம் வடிவமாக இருக்கும். டெனிமுக்குப் போட்டதை பிக்கேக்கு மாற்ற அதிக நேரம் ஆகாது. ஆனால் அதை முழுதாகத் திருத்த வில்காம்தான் வேண்டும், இங்க்ஸ்டிச் இஎம்பியைத் திறக்காது.

ரீல்_ராஜா:

அப்போ இதுவரை அவர் காசு கொடுத்து வாங்கியதெல்லாம் புள்ளிகள்தானா!

புது_பாபின்:

பெரிய சாஃப்ட்வேர் பென்டிரைவில் கம்மி விலைக்குக் கிடைக்கிறதே, அதை யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

பஞ்சிங்_தாத்தா:

தம்பி, அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும். பூட்டை உடைத்த சாஃப்ட்வேரோடு என்னவெல்லாம் கூட வருகிறது என்று யாருக்கும் தெரியாது. கஸ்டமர் ஃபைல் எல்லாம் இருக்கும் கணினியில் அதைப் போடுவது தொழிலையே பணயம் வைப்பது. காசு இல்லையென்றால் இங்க்ஸ்டிச் இருக்கிறது.

வெளியே_கொடு:

சரி, காசுக் கணக்கையே பேசுவோம். கொங்கு_நூல், அந்த முத்திரையில் எத்தனை டிரிம் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

கொங்கு_நூல்:

24 காட்டுகிறது. மொத்தம் 9,000 தையல். வளைய எழுத்து ஒவ்வொன்றுக்கும் வெட்டுகிறது.

வெளியே_கொடு:

நிமிடத்துக்கு 750 தையல் வேகத்தில் 9,000 தையலுக்கு 12 நிமிடம். ஒரு டிரிம்முக்கு நின்று, வெட்டி, மறுபடி வேகம் எடுக்க 6 நொடி என்று வையுங்கள். 24 டிரிம்முக்கு 144 நொடி. நூறு சட்டைக்கு 4 மணி நேரம் வெட்டுவதற்கே போகிறது. எழுத்துகளைப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளியில் இணைத்து 8 டிரிம்முக்குக் கொண்டுவந்தால் 1 மணி 20 நிமிடம்தான். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நமக்கு இந்த டிரிம் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதனால் இணைக்கச் சொல்லிப் பஞ்சரிடம் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி.

இலவச_ஊசி:

இது உங்கள் கட்சிக்கு எதிராகத்தானே அண்ணே போகிறது? டிரிம்மைக் குறைப்பது பஞ்சருக்கு லாபம் இல்லை, மெஷின் வைத்திருப்பவருக்குத்தான் லாபம். அப்போது அந்த வேலையை மெஷின்காரர்தானே கற்றுக்கொள்ள வேண்டும்?

வெளியே_கொடு:

பிடித்துவிட்டீர்கள். இருந்தாலும் எழுத்துக்கு நடுவில் இணைப்பு நூல் வெளியே தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால்தான் இணைக்கலாம், 2 மி.மீக்கு மேல் போனால் வெட்டித்தான் ஆகவேண்டும்.

கொங்கு_நூல்:

முடிவு செய்துவிட்டேன். இந்த சீசனுக்கு சாஃப்ட்வேர் வாங்கவில்லை. சதுரத்தை இங்க்ஸ்டிச்சில் போட்டு ஓட்டினேன், என் துணியில் பக்கத்துக்கு 0.4 வந்தது. அதோடு கட்-அவே, பால் பாயிண்ட், 60 நம்பர் நூல் எல்லாம் எழுதிப் பஞ்சருக்கு அனுப்பினேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றித் தருகிறேன் என்றார். இஎம்பி கேட்டதற்கு மட்டும் தனிக்காசு கேட்கிறார். அது நியாயமா?

பஞ்சிங்_தாத்தா:

நியாயம்தான். மூல ஃபைல் அவருடைய உழைப்பு. நானும் கேட்டால்தான் கொடுப்பேன், தனி விலையில். ஆனால் ஒவ்வொரு வருடமும் அளவும் துணியும் மாறி மாறி வரும் பள்ளி முத்திரைக்கு அந்தக் காசைக் கொடுத்துவிடுங்கள். ஒருமுறைதான் வருகிறது என்கிற கம்பெனி லோகோவுக்குக் கொடுக்க வேண்டாம்.

கொழும்பு_சாம்பிள்:

வாங்கினால் பில்லில் 'மூல ஃபைலுடன்' என்று எழுதி வாங்குங்கள். எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்பதையும் கேட்டுவிடுங்கள். புது வெர்ஷனில் சேமித்த இஎம்பி பழைய வெர்ஷனில் திறக்காமல் போகலாம். பின்னாடி நீங்களே சாஃப்ட்வேர் வாங்கும் நாளில் அது கையில் இருக்கும்.